வண்டியின் முதுகெலும்பு

பேரா மாநிலத்தில் ரப்பரின் வரலாறு நெடியது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பின்னாளில் சுங்கை சிப்புட், பத்து காஜா, ஈப்போ வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. தோட்டம் என்றதும் பால்மரமும் பால்வாளியும் நினைவுக்கு வரும். ஆனால், பெரிய தோட்டங்களில் லோரிகளையும் டிராக்டர்களையும் பழுதுபார்க்கும் கொட்டகையும் இருந்தது. அங்கே எடுபிடியாகச் சேர்ந்து, ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்ட இளைஞர்களும் உண்டு. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம்விட்ட பிறகு, அந்தக் கைத்தொழில் அவர்களோடு நகரத்துப் பட்டறைகளுக்கு இடம்பெயர்ந்தது.

அத்தகைய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். சுங்கை சிப்புட்டுக்கு அருகில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் அவர்களுடைய வீடு இருக்கிறது. தந்தைக்குப் பழைய பிக்காப் வண்டிதான் பிழைப்பு. விடியற்காலையில் ஈப்போ மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி வருவார். திருமணக் காலத்தில் கூடாரங்களையும் நாற்காலிகளையும் ஏற்றுவார். தைப்பூசத்தின்போது ஈப்போ கல்லுமலை ஆலயத்தை ஒட்டிய தண்ணீர்ப் பந்தலுக்குப் பொருள்களைக் கொண்டு செல்வார். பள்ளி நாள்களில் அவருடைய இளைய மகளும் அந்த வண்டியில்தான் போவாள்.

ஒரு மழைநாளில் வண்டி சறுக்கிச் சாலைத் தடுப்பில் மோதியது. யாருக்கும் பெரிய காயம் இல்லை. முன்பக்க இடது மூலை நசுங்கியிருந்தது. கதவுகள் திறந்தன, இயந்திரமும் இயங்கியது. "விளக்கையும் மட்காப்பையும் மாற்றினால் போதும்" என்று தந்தை நினைத்தார். ஆனால், வண்டியை ஓட்டிப் பார்த்தபோது அது இடப்பக்கமாகவே இழுத்தது. பின்னால் நின்று பார்த்த அவருடைய அண்ணன், தலையை அசைத்தார். அவர் தோட்டத்து டிராக்டர் கொட்டகையில் இருபது ஆண்டுகள் வேலை செய்தவர்.

"தம்பி, இது நேராக ஓடவில்லை. நண்டு மாதிரி சாய்ந்து ஓடுகிறது. அடிச்சட்டம் வளைந்திருக்கிறது" என்றார்.

அடிச்சட்டம் என்பது என்ன? இன்றைய மகிழுந்துகளுள் பெரும்பாலானவற்றிற்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. அவற்றின் உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. பிக்காப் வண்டி அப்படிப்பட்டதன்று. முன்னிருந்து பின்வரை நீளும் இரண்டு எஃகு விட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து ஓர் ஏணியைப் போல அமைந்திருக்கும். அதனால் அதற்கு ஏணிச் சட்டம் என்ற பெயரும் உண்டு. இயந்திரம், கியர்பெட்டி, சக்கர அச்சுகள், ஓட்டுநர் அறை, சரக்குத்தொட்டி ஆகிய அனைத்தும் அதன்மீதே பொருத்தப்படுகின்றன. சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பது போல, அடிச்சட்டம் சரியாக இருந்தால்தான் மற்றவை சரியாக இருக்கும்.

இந்த அமைப்பு பழமையானது. 1917ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் 'மாடல் டிடி' என்னும் ஒரு டன் வண்டியை வெளியிட்டது. தொடக்கத்தில் அது உடற்கூடு இல்லாமல், வெறும் அடிச்சட்டமாகவே விற்கப்பட்டது. வாங்கியவர்கள் தங்கள் தேவைக்கேற்ற மரப்பெட்டியை அதன்மேல் பொருத்திக் கொண்டனர். மேற்பகுதியைக் கழற்றவும் மாற்றவும் முடியும் என்பதே இவ்வமைப்பின் பெருநன்மை. அடிச்சட்டம் கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்ற முடிவதற்கும் அதுவே காரணம்.

மோதலுக்குள்ளான அடிச்சட்டம் ஐந்து வகைகளில் உருக்குலையலாம். அது பக்கவாட்டில் வளையலாம், நடுவில் தொய்யலாம், நீளவாட்டில் நசுங்கலாம், ஒரு விட்டம் மற்றதைவிடப் பின்னுக்குத் தள்ளப்பட்டுச் சாய்சதுரமாகலாம், முறுக்கிக் கொள்ளலாம். இவற்றை வெறுங்கண்ணால் கண்டறிவது கடினம். அளந்துதான் அறிய வேண்டும்.

தொழிற்கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் பயிலும் மூத்த மகன் அந்தப் பொறுப்பை ஏற்றான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அடிச்சட்டத்தில் இருபுறமும் ஒத்த இடங்களில் உள்ள நான்கு துளைகளைத் தேர்ந்தெடுத்தான். ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் குறியிட்டான். பிறகு, எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தான். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சம அளவுடையவை என்பது வகுப்பறையில் கற்ற கணிதம். நான்கு குறிகளும் 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகமாக அமைந்திருந்தால், ஒவ்வொரு மூலைவிட்டமும் ஏறத்தாழ 3.16 மீட்டர் இருக்க வேண்டும். ஒரு விட்டம் 2 சென்டிமீட்டர் மட்டும் பின்னுக்குப் போயிருந்தாலும், மூலைவிட்டங்களுக்கு இடையில் ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் வேறுபாடு தோன்றிவிடும். தரையில் இருந்த கோடுகள் உண்மையைச் சொல்லிவிட்டன. பெரியப்பாவின் கண்கணிப்பு பிழையன்று.

இப்போது குடும்பத்தின் முன் கடினமான கேள்வி எழுந்தது. வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே எடுக்கப்பட்டிருந்தது. அதனால் சொந்த வண்டியின் சேதத்திற்கு இழப்பீடு கிடைக்காது. வண்டி நின்றுவிட்டால் வருமானமும் நின்றுவிடும். வளைந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வேறொரு வண்டியின் துண்டை ஒட்டித் தருவதாக ஒருவர் முன்வந்தார். செலவு குறைவு, இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். தந்தையின் மனம் அதில் சாய்ந்தது.

"அப்பா, இந்த எஃகு குறிப்பிட்ட வலிமைக்காகத் தயாரிக்கப்பட்டது. கண்டபடி சூடாக்கினால் அதன் உறுதி குறைந்துவிடும். வெளியில் பார்த்தால் ஒட்டு நன்றாகவே தெரியும். பாரம் ஏற்றிக்கொண்டு வேகமாகப் போகும்போது, அந்த இடத்தில் விரிசல் விட்டால் என்ன செய்வது?" என்று மகன் கேட்டான்.

தந்தை பதில் சொல்லவில்லை. வாசலில் பள்ளிப்பையோடு நின்ற மகளைப் பார்த்தார். "அந்த வண்டியில் என் பக்கத்தில் உட்காருவது அவள்தானே" என்றார் மெல்ல. முழு அடிச்சட்டத்தையும் மாற்றுவது என்று முடிவானது.

முழு அடிச்சட்டத்தை மாற்றுவது வண்டித் தயாரிப்பாளர்களே ஏற்றுக்கொண்ட பழுதுபார்ப்பு முறையாகும். அமெரிக்காவில் சில டொயோட்டா பிக்காப் வண்டிகளின் அடிச்சட்டங்கள் அளவுக்கு மீறித் துருப்பிடித்ததால் வழக்குத் தொடரப்பட்டது. 2016ஆம் ஆண்டில், ஏறத்தாழ 15 இலட்சம் வண்டிகளைச் சோதித்து, தேவைப்படுபவற்றிற்கு அடிச்சட்டத்தை மாற்றித்தர அந்நிறுவனம் உடன்பட்டது. அதற்கான செலவு 340 கோடி அமெரிக்க டாலர் வரை ஆகலாம் என்று மதிப்பிடப்பட்டது. ஓர் அடிச்சட்டத்தின் உறுதிக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை இத்தொகை உணர்த்துகிறது.

ஆயினும், ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் அடையாள எண் உண்டு. இக்கால வண்டிகளில் அது 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டதாக இருக்கும். பிக்காப் வண்டிகளில் அவ்வெண் பெரும்பாலும் அடிச்சட்டத்தின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே, அடிச்சட்டம் மாறினால் வண்டியின் அடையாளமும் மாறுகிறது. "பழைய எண் உள்ள துண்டை வெட்டிப் புதியதில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது" என்று யாரோ யோசனை கூறினர். அது தவறான வழி. திருட்டு வண்டிகளை மறைப்போர் கையாளும் தந்திரமும் அதுவே. மலேசியாவில் வண்டிகளின் பதிவு 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் நடைபெறுகிறது. அடையாள எண்ணைச் சிதைப்பதும் மாற்றுவதும் குற்றமாகும்.

ஆகவே, தந்தை முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையை நாடி, செய்யவிருக்கும் மாற்றத்தைத் தெரிவித்து அனுமதி கோரினார். உரிமம் பெற்ற பழைய உதிரிப்பாக வணிகரிடம் அதே வகை வண்டியின் அடிச்சட்டத்தைத் தேடினார். அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணங்களையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கினார். பெரியப்பா சுத்தியலால் விட்டங்களை நெடுகத் தட்டிப் பார்த்தார். கணீரென்ற ஒலி எழுந்தால் எஃகு நலமாக இருக்கிறது. மந்தமான ஒலி வந்தால் அங்கே துரு அரித்திருக்கக்கூடும். மகன் அதையும் மூலைவிட்டம் எடுத்து அளந்தான். அளவுகள் ஒத்திருந்தன.

வீட்டின் பின்புறச் சிமெண்டுத் தளத்தில் வேலை தொடங்கியது. முதலில் மின்கலத்தின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. காற்றுப்பை உள்ள வண்டிகளில், இணைப்பைத் துண்டித்த பிறகும் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது திடீரென வெடித்து விரியக்கூடும். எரிபொருள் தொட்டி காலிசெய்யப்பட்டுத் தொலைவில் வைக்கப்பட்டது. குளிரூட்டியின் வாயுவை வெளியேற்றும் பணியை மட்டும் கருவி வைத்திருக்கும் பட்டறையிடம் விட்டனர். அவ்வாயு காற்றில் கலந்தால், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

கழற்றிய ஒவ்வொரு திருகாணியும் பழைய மைலோ டின்களில் இடம்பெற்றது. டின்னின்மேல், எந்தப் பகுதிக்கு உரியது என்று எழுதி ஒட்டினர். மின்கம்பிகளும் குழாய்களும் ஓடும் வழியை மகன் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டான். சரக்குத்தொட்டியை அண்டை வீட்டார் அறுவர் சேர்ந்து தூக்கி இறக்கினர். ஓட்டுநர் அறையையும் இயந்திரத்தையும் தூக்க, உறுதியான இரும்புத் தூண்களும் செயின் பிளாக்கும் வாடகைக்கு எடுக்கப்பட்டன. "தொங்கும் பாரத்தின் கீழே யாரும் தலையை நீட்டக்கூடாது. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது, தாங்கிகளை வைத்த பிறகே படுக்க வேண்டும்" என்பது பெரியப்பா விதித்த கட்டளை. தோட்டத்தில் அந்த விதியை மீறிய ஒருவரின் கை நசுங்கியதை அவர் கண்டிருக்கிறார்.

ஓட்டுநர் அறைக்கும் அடிச்சட்டத்திற்கும் இடையில் தடித்த ரப்பர் மெத்தைகள் உள்ளன. இயந்திரத்தைத் தாங்குபவையும் ரப்பர் மெத்தைகளே. அதிர்வைத் தாங்கி, மீண்டும் பழைய வடிவத்திற்கு வருவதில் இயற்கை ரப்பர் சிறந்தது. நைந்துபோன மெத்தைகளை மாற்றும்போது பெரியப்பா சிரித்தார். "உன் பாட்டி விடியற்காலையில் சீவிய பால், இப்படித்தான் வண்டிக்குள்ளே வந்து உட்காருகிறது" என்றார்.

புதிய அடிச்சட்டத்திற்குத் துருத்தடுப்பு வண்ணம் பூசிய பின், எல்லாம் தலைகீழ் வரிசையில் பொருத்தப்பட்டன. வில்தகடுகளில் ரப்பர் உள்ள இணைப்புகளின் திருகாணிகளை மகன் முதலில் தளர்வாகவே விட்டான். வண்டி சக்கரங்களின்மேல் நின்று, முழு எடையும் இறங்கிய பிறகே அவற்றை இறுக்கினான். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கப்பட்டு விரைவில் கிழிந்துவிடும். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவின்படியே, அளவுகோல் பொருத்திய ஸ்பானரால் ஒவ்வொரு திருகாணியும் முறுக்கப்பட்டது. பிரேக் குழாய்களில் புகுந்த காற்று முழுவதும் வெளியேற்றப்பட்டது.

பல வார இறுதிகள் கழிந்தன. அந்த நாள்களில் தந்தை வாடகை வண்டியில் காய்கறி ஏற்றினார், இலாபம் குறைந்தது. எனினும், அவர் யாரையும் அவசரப்படுத்தவில்லை. சக்கரங்களின் கோணம் ஈப்போவில் உள்ள பட்டறையில் கணினிக் கருவியால் சரிசெய்யப்பட்டது. பிறகு, வண்டி ஆவணங்களுடன் பரிசோதனை நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கே பிரேக், விளக்குகள், இயந்திர எண், அடிச்சட்ட எண் ஆகியவை சோதிக்கப்பட்டன. பதிவு விவரங்களும் முறைப்படி திருத்தப்பட்டன. காப்புறுதி நிறுவனத்திற்கும் மாற்றம் தெரிவிக்கப்பட்டது.

எல்லா வண்டிகளையும் வீட்டிலேயே இவ்வாறு மாற்ற இயலாது. சமதளமும், பாரம் தூக்கும் கருவிகளும், அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையும் இல்லாத இடத்தில் இம்முயற்சி உயிருக்கு ஆபத்தானது. தன்னால் முடிவது எது, தகுதி பெற்றவரிடம் விட வேண்டியது எது என்று பிரித்தறிவதும் தொழில் திறனின் ஒரு பகுதியே. இத்திறனை முறையாகக் கற்க விரும்புவோருக்குத் தொழிற்கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் மலேசியத் திறன் சான்றிதழும் வழிகாட்டுகின்றன.

திங்கட்கிழமை காலையில் தந்தை வண்டியைக் கிளப்பினார். பெரியப்பா சாலையோரத்தில் நின்று, பின்னாலிருந்து உற்றுப் பார்த்தார். முன்சக்கரங்களின் ஈரத்தடத்தின் மீதே பின்சக்கரங்களும் சென்றன. "நேராகப் போகிறது" என்றார். மகள் கதவைத் திறந்து, தன் வழக்கமான இடத்தில் அமர்ந்து, இருக்கை வாரை மாட்டிக் கொண்டாள்.