மணலை வெல்லும் இரும்பு

நுழையும்முன்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது முன்னோர் மொழி. கல்லையே தோண்டும் இயந்திரத்தின் பல் தேயாதிருக்குமா? தேய்ந்த பல்லை எறிந்துவிடுவதா, புதுப்பிப்பதா? இவ்வினாவுக்குப் பற்றவைப்புத் தொழில்நுட்பம் தந்த விடையை விளக்குகிறது இப்பாடம்.

தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயரைத் தாங்கியது மறைமலை நகர். அங்கிருந்து ஒரகடம், திருப்பெரும்புதூர் வரை தொழிற்சாலைகள் அணிவகுத்து நிற்கின்றன. மகிழுந்துகளோடு, சுரங்கங்களில் பாறை சுமக்கும் பெரிய வண்டிகளும் இப்பகுதியில் உருவாகின்றன. இத்தொழிற்கூடங்களும் சாலைகளும் எழுவதற்குக் கருங்கல் சல்லி வேண்டும். பல்லாவரம் முதலாகச் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் சார்னோகைட்டு என்னும் கடும்பாறையே அதற்கு மூலப்பொருள். அப்பாறையை அள்ளும் பொக்லைன் வாளியின் பற்களும், உடைக்கும் கிரஷரின் தாடைத் தகடுகளும் நாள்தோறும் தேய்கின்றன.

ஏன் தேய்கிறது?

ஒரு பொருளை அதனினும் கடினமான பொருள் எளிதில் கீறும். விக்கர்சு அளவீட்டின்படி சாதாரண எஃகின் கடினத்தன்மை ஏறத்தாழ 150. மணலிலும் பாறையிலும் கலந்துள்ள குவார்ட்சு என்னும் கனிமத்தின் கடினத்தன்மையோ 1000 அளவில் உள்ளது. ஆதலால், சிறு மணல்துகளும் அழுத்தத்தோடு உரசும்போது, நிலத்தில் ஏர் சால் இடுவதுபோல எஃகில் கீறலிட்டுச் செல்கிறது. இலட்சக்கணக்கான கீறல்கள் சேர்ந்தால் பல் மழுங்கிவிடுகிறது.

பல் முழுவதையும் கடினமான உலோகத்தால் வார்த்தால் என்ன என்று நீங்கள் வினவலாம். கண்ணாடி கடினமானது, ஆயினும் கீழே விழுந்தால் நொறுங்குகிறது. பொதுவாகக் கடினத்தன்மை மிகும்போது அடிதாங்கும் தன்மை குறைகிறது. பாறையில் மோதும் பல்லுக்கோ இரண்டும் வேண்டும். இச்சிக்கலை நம் ஊர்க் கொல்லர்களும் அறிந்திருந்தனர். கோடரியின் உடலை மென்மையான இரும்பால் அமைத்து, வெட்டும் வாயில் மட்டும் எஃகு வைத்து அடித்து இணைத்தனர். உடல் அடியைத் தாங்கும். வாய் கூர்மையைக் காக்கும்.

வன்படலப் பற்றவைப்பு

இதே கருத்தை மின்வில்லின் வெப்பத்தால் நிறைவேற்றுவதே வன்படலப் பற்றவைப்பு. தொழிற்கூடங்களில் இதனை ஹார்டுஃபேசிங் என்பர். இதற்குரிய பற்றவைப்புக் கம்பியில், அதாவது வெல்டிங் ராடில், குரோமியமும் கரிமமும் மிகுதியாக இருக்கும். கம்பி உருகிப் பல்லின்மேல் படிந்து உறையும்போது குரோமியம் கார்பைடு என்னும் நுண்படிகங்கள் தோன்றுகின்றன. அவற்றின் கடினத்தன்மை 1500 அளவில் இருப்பதால் குவார்ட்சால் அவற்றை எளிதில் கீற முடிவதில்லை. இன்னும் கடுமையான தேய்மானத்துக்கு டங்ஸ்டன் கார்பைடு கலந்த கம்பிகள் உள்ளன.

முதற்படலம் இடும்போது அடியிலுள்ள எஃகும் சிறிது உருகிக் கலந்துவிடும், கடினத்தன்மை குறையும். எனவே, அதன்மேல் இரண்டாம் படலம் இடுவர். படலங்களை மேலும் மேலும் அடுக்கினால் அவை பெயர்ந்து விழக்கூடும் என்பதால், இவ்வகைக் கம்பிகளில் பொதுவாக இரண்டு அல்லது மூன்று படலங்களோடு நிறுத்திக்கொள்வர். குளிரும்போது படலத்தின் குறுக்கே மெல்லிய வெடிப்புகள் தோன்றுவதுண்டு. உள்ளே தேங்கிய இறுக்கம் அவற்றின் வழியே தணிகிறது. அவ்வெடிப்புகள் அடியிலுள்ள எஃகுக்குள் இறங்காதவரை தீங்கில்லை.

படலத்தைக் கோடுகளாக இடுவதிலும் நுட்பம் உண்டு. பெரும்பாறைகளை அள்ளும் வாளியில், பாறை நகரும் திசையிலேயே கோடுகளை இடுவர்; பாறை அவற்றின்மேல் வழுக்கிச் செல்லும். மணலை அள்ளும் வாளியில் கோடுகளைக் குறுக்காக இடுவர். இடைவெளிகளில் மணல் இறுகப் படியும். பின்னர் வரும் மணல், படிந்த மணலின்மேல் உரசிச் செல்லும். இரும்பைத் தேய்க்க வந்த மணலே இரும்புக்குக் காவலாகிறது.

தெரிந்து தெளிவோம்

1882ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இராபர்ட் ஹாட்பீல்டு மாங்கனீசு எஃகைக் கண்டறிந்தார். இதில் மாங்கனீசு ஏறத்தாழ 12 விழுக்காடு உள்ளது. அடிபட அடிபட இதன் மேற்பரப்பு கடினமாகும். அதனால் கிரஷரின் தாடைத் தகடுகள் இவ்வெஃகால் செய்யப்படுகின்றன. இதனை மிகுதியாகச் சூடாக்கினால் நொறுங்கும் இயல்பு பெறும்; எனவே, சூடு ஏறாதவாறு விட்டுவிட்டுப் பற்றவைப்பர்.

நெய்வேலி தரும் பாடம்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப்பணி 1957இல் தொடங்கியது. நிலக்கரியை மூடிக் கிடக்கும் கடலூர் மணற்பாறையை அகற்றிய பின்னரே அதனை எடுக்க இயலும். அப்பணிக்கென வந்த அகழ்பொறிகளில், சுழலும் பெருஞ்சக்கரத்தின் விளிம்பில் வாளிகளும், வாளிகளின் விளிம்பில் பற்களும் உள்ளன. குவார்ட்சு நிறைந்த மணற்பாறை அப்பற்களை விரைவாகத் தேய்த்தது. பாறையை வெடிவைத்துத் தளர்த்துவது ஒரு தீர்வாயிற்று. பற்களுக்கு வன்படலம் இடுவது மற்றொரு தீர்வாயிற்று. பல்லை மாற்றச் சக்கரம் நின்றால், மண்ணைக் கொண்டுசெல்லும் கன்வேயர் பட்டையும் வெறுமனே நிற்கும். அவ்வேலைநிறுத்தத்தின் இழப்போடு ஒப்பிட்டால் பல்லின் விலை சிறிது.

தமிழகத்தில் இத்துறை ஆய்வுக்கும் பயிற்சிக்கும் இடமுண்டு. திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1975இல் தொடங்கப்பட்டது.

கையும் உயிரும்

எத்தனை உயர்ந்த கம்பியாயினும் அதனைப் பிடிக்கும் கையே பயனை உறுதிசெய்கிறது. அடியிலுள்ள உலோகம் எது, எவ்வளவு சூடாக்க வேண்டும், எத்தனை படலம் இட வேண்டும் என அறிந்தவரே தேர்ந்த பற்றவைப்பாளர். அவர்தம் நலனையும் நாம் கருத வேண்டும். பற்றவைப்புப் புகை புற்றுநோய் விளைவிக்கக் கூடியது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017இல் வகைப்படுத்தியது. வன்படலக் கம்பிகளில் குரோமியம் மிகுதி என்பதால் எச்சரிக்கையும் மிகுதியாக வேண்டும். புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி, மூச்சுக்காப்பு, முகக்கவசம், தோல் கையுறை ஆகியவை தொழிலாளியின் உரிமைகள்.

தேய்ந்ததைப் புதுப்பிக்கும்போது, புதிய எஃகு உருக்கத் தேவைப்படும் தாதுவும் நிலக்கரியும் மிஞ்சுகின்றன. இரும்புக்கு வன்படலம் தரும் மனிதருக்குத் தூய காற்றைத் தருவது அத்தொழிலின் முதற்கடமை. இரண்டும் கைகூடும் பட்டறையே வளர்ந்த பட்டறை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்ப் பட்டறைக்கு ஆசிரியருடன் சென்று, தேய்ந்த கருவிகள் புதுப்பிக்கப்படும் முறையைக் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.
2. பற்றவைப்புத் தொழிலில் வழங்கும் பிறமொழிச் சொற்களைத் திரட்டி, அவற்றுக்குப் பொருத்தமான தமிழ்ச்சொற்களை வகுப்பில் கலந்துரையாடி உருவாக்குக.