ஷிப்ட் முடிந்தும் முடியாத வேலை



நம் ஒர்க்‌ஷாப் வெல்டிங் செட்டில் 'டூட்டி சைக்கிள் 60%' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறித்த கரண்டில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் வேலை, நான்கு நிமிடம் ஓய்வு. மீறினால் உள்ளே சூடேறிக் கெட்டுவிடும். மிஷினுக்கு இதைப் படிக்கிறோம். அதை ஓட்டுகிற மனுஷனுக்கு?

என் அப்பா ஸ்பின்னிங் மில் தொழிலாளி. மில் நிற்காது. எட்டு மணி வீதம் மூன்று ஷிப்ட், வாராவாரம் மாறும். அடுத்த ஆள் வராவிட்டால் டபுள், அதாவது 16 மணி நேரம். முழு நைட் முடித்து வந்து பகலில் படுத்தால் தூக்கம் பிடிக்காது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. போதாததுக்கு எங்கள் வீட்டுக்கு சிமெண்ட் ஷீட் கூரை, பக்கத்திலேயே ரயில் சத்தம்.

அப்பாவிடம் முதலில் கெட்டது பொறுமைதான். தங்கச்சி டம்ளரைக் கீழே போட்டதுக்கு ஒரு அறை விழுந்தது. அப்புறம் அவரே திண்ணையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவரு மேல தப்பில்ல கண்ணு, தூக்கம் பத்தல" என்றார் அம்மா. கோபமாவது பரவாயில்லை. அதற்குப் பின் வந்த மௌனம்தான் எங்களைப் பயமுறுத்தியது. யார் பேசினாலும் "ம்" மட்டும்தான்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. மிகுதி வேலைக்கு இரட்டைக் கூலி என்றது. அந்த இரட்டைக் கூலிக்காகத்தான் பலர் மறுப்பதில்லை. (அது ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பது வேறு கதை!) வாரம் 55 மணிக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று 2021ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து அறிவித்தன. 2023 ஏப்ரலில் நம் சட்டப்பேரவையிலேயே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பவே மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு என்று அதற்குச் சமாதானம் சொன்னார்கள். பஸ்சில் போய் வருகிற நேரத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

டிப்ளமோ முடித்தால் நம்மில் பலர் ஷிப்ட் சூப்பர்வைசர்தான். 'இன்னைக்கு டபுள் போட்டுக்கறியா?' என்று கேட்கும் இடத்தில் நாம் இருப்போம். கேட்கப்படுகிறவருக்கு மறுக்க முடியாது என்பது எனக்கு வீட்டிலேயே தெரியும்.

மூன்று மாதமாக அப்பா டபுள் போவதில்லை. என் பரீட்சை பீஸுக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. போன ஞாயிறு தங்கச்சியைக் கூப்பிட்டு, "எத்தனாவது படிக்கிறே கண்ணு?" என்று கேட்டார். அவள் ஏழாவது. ஆறாவது படித்தபோது அவருக்குத் தெரியவே தெரியாது.