பழைய கணக்கில் சிக்கிய மென்பொருள்

கடையில் ஒரு சாமான் வாங்கினால் பில் யாருடைய பெயரில் இருக்கின்றது என்று பார்க்கின்றோம். ஆனால் கணனிக்குள் இருக்கும் மென்பொருள் யாருடைய பெயரில் இருக்கின்றது என்று எத்தனை பேர் பார்க்கின்றோம்? மாட்டிக்கொள்ளும் வரை நானும் பார்க்கவில்லை.

எங்களுடையது திருமண அழைப்பிதழ் அச்சிடும் சிறிய கடை. டிசைன் வேலைக்காக அப்பிள் நிறுவனத்தின் மேக் கணனி ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கினோம். அப்போது கடையில் வேலை செய்த தம்பியொருவர்தான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து தந்தார். அப் ஸ்டோர் கணக்கு கேட்டபோது தன் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து விட்டார். வேலை நடந்தால் சரி என்று நானும் இருந்து விட்டேன். பிறகு அவர் கட்டாருக்குப் போய் விட்டார்.

சில காலத்தின் பின் வாடிக்கையாளர் ஒருவர், கடித உறைகளில் அச்சிட வேண்டிய பெயர்ப் பட்டியலை நம்பர்ஸ் கோப்பாக அனுப்பினார். எங்கள் நம்பர்ஸ் பழையது, திறக்க மறுத்தது. அப்டேட் பொத்தானை அழுத்தினால், கட்டாரிலுள்ள தம்பியின் முகவரியைக் காட்டி அதற்கான கடவுச்சொல்லைக் கேட்கின்றது. கடைக்கென்று புதிய கணக்கொன்று திறந்து உள்ளே போன பின்னும் அதே கேள்விதான்.

காரணம் இதுதான். அப் ஸ்டோரிலிருந்து இறக்கும் மென்பொருளோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு பற்றுச்சீட்டும் வருகின்றது. எந்தக் கணக்கால் இறக்கினோமோ அந்தக் கணக்கின் பெயரில்தான் அது இருக்கும். இலவச மென்பொருளுக்கும் இதே கதைதான். கணனி நம்முடையதாக இருக்கலாம், பற்றுச்சீட்டு நம்முடையதல்ல.

தம்பிக்கு அழைப்பு எடுத்தேன். "நானா, பாஸ்வேர்டை அனுப்பி விடட்டுமா?" என்று கேட்டார். "வாணாம் தம்பி" என்றேன். அந்த ஒரு கடவுச்சொல்லின் பின்னால் அவருடைய குடும்பப் படங்கள், வங்கி அட்டை எல்லாம் இருக்கின்றன. அத்தோடு ஒவ்வொரு தடவையும் ஆறு இலக்கக் குறியீடு அவருடைய தொலைபேசிக்குத்தான் போகும். அவர் வேலையில் இருக்கும் நேரமெல்லாம் தொந்தரவு செய்ய முடியுமா?

பொதுவாகச் சொல்லப்படும் பரிகாரம் இலகுவானது. மென்பொருளைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, அப் ஸ்டோரில் பழைய கணக்கிலிருந்து வெளியேறி, புதிய கணக்கில் நுழைந்து மீண்டும் இறக்குவது. நாம் செய்த கோப்புகள் இதனால் அழியாது. அவசரத்தில் நானும் அப்படியே நம்பர்ஸை அழித்தேன். பிழை அங்கேதான் நடந்தது.

திரும்ப இறக்கப் போனால், இதற்குப் புதிய மேக் இயங்குதளம் வேண்டும் என்று சொல்லி விட்டது. எங்கள் கணனியோ பழையது, புதிய இயங்குதளத்தை ஏற்காது. வாடிக்கையாளரின் பட்டியலை எக்ஸல் வடிவில் கேட்டு வாங்கி அந்த வேலையை ஒருவாறு முடித்தோம். ஆனால் எங்களுக்கு வர வேண்டிய கடன்களின் முழுக் கணக்கும் நம்பர்ஸில்தான் இருந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பது தெரியாமல் இரண்டு நாட்கள் கல்லாவில் இருந்தேன். ஐகிளவுட் இணையத்தளத்தில் கோப்பை ஏற்றிப் பார்க்கலாம் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

வழி இருக்கின்றது. ஒரு கணக்கு முன்பே ஒரு மென்பொருளை எடுத்திருந்தால், பழைய கணனியில் அதே கணக்கால் கேட்கும்போது, அந்தக் கணனிக்குப் பொருந்தக்கூடிய கடைசிப் பதிப்பைத் தரட்டுமா என்று அப் ஸ்டோர் கேட்கும். எங்கள் புதிய கணக்கு நம்பர்ஸை ஒருபோதும் எடுத்ததில்லை, அதனால்தான் மறுத்தது. நண்பர் ஒருவரின் புதிய மேக்கில், அப் ஸ்டோரில் மட்டும் எங்கள் கணக்கால் நுழைந்து நம்பர்ஸை எடுத்தோம். பின்னர் அதிலிருந்து வெளியேறி வந்து, எங்கள் கணனியில் வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்தோம். நம்பர்ஸ் அங்கே இருந்தது. பழைய பதிப்பு இறங்கியது, கடன் கணக்கும் திறந்தது. ஆகவே அழிப்பதற்கு முன் உங்கள் இயங்குதளம் எது, புதிய பதிப்பு எதைக் கேட்கின்றது என்பதை அப் ஸ்டோர் பக்கத்தில் பார்த்துக் கொள்ளுங்கள். கோப்புகளை வெளியே ஒரு பிரதி எடுத்தும் வையுங்கள்.

நம்பர்ஸ் 2017 முதல் எல்லோருக்கும் இலவசம் என்பதால் பணம் போகவில்லை. கடைப் பணத்தில் வாங்கிய படம் திருத்தும் மென்பொருள் கதை வேறு. அது தம்பியின் கணக்கில் வாங்கியது, புதிய கணக்கிற்கு மாற்ற முடியவில்லை. ஒரு கணக்கில் வாங்கியவற்றை இன்னொன்றுக்கு மாற்றும் வசதியை அப்பிள் 2025 பெப்ரவரியில் கொண்டு வந்தது உண்மைதான். ஆனால் அது ஒரே ஆள் வைத்திருக்கும் இரண்டு கணக்குகளுக்கானது, ஊழியரிடமிருந்து முதலாளிக்கு மாற்றுவதற்கல்ல.

அந்த மென்பொருளை இரண்டாம் தடவையும் காசு கொடுத்து வாங்கினேன். இம்முறை கடையின் மின்னஞ்சலில், கடையின் தொலைபேசி இலக்கத்தோடு. கடவுச்சொல் கல்லாப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கின்றது.