நீண்ட இரவுக்கு வேண்டும் மின்சக்தி: விண்மீன்களைப் படமெடுக்கும் டிஜிட்டல் காமிரா

கண்ணாடித் தகடுகளிலும் பிலிம் சுருள்களிலும் விண்மீன்களைப் படம் பிடித்து வந்த காலத்தில், காமிராவுக்கு மின்சாரம் வேண்டும் என்ற எண்ணத்திற்கே இடமில்லை. மூடியைத் திறந்து வைத்தால் ஒளி தானாகவே தகட்டின்மீது படிந்துகொண்டிருக்கும். வானத்தின் சுழற்சிக்கேற்பத் தொலைநோக்கியைத் திருப்புவதற்குக்கூட, எடைக்குண்டு மெல்ல இறங்குவதால் ஓடும் கடிகாரப் பொறியே பல நிலையங்களில் போதுமானதாயிருந்தது. டிஜிட்டல் காமிராவின் நிலைமை வேறு. ஒளியை மின்னேற்றமாக மாற்றும் அதன் உணர்தகடு, மூடி திறந்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் மின்சாரத்தை உட்கொண்டே இருக்கின்றது. நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால், அதுவரை சேர்ந்த ஒளியும் பெரும்பாலும் வீணாகிவிடும்.

பகலில் படமெடுப்போர் இதனை உணர்வதில்லை. ஒரு விநாடியின் மிகச் சிறு பகுதியே மூடி திறந்திருப்பதால், ஒரே மின்கலத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான படங்களை எடுத்துவிடுகின்றனர். மங்கலான நெபுலாக்களையும் அண்டங்களையும் படமெடுப்பவர்களோ, 3 நிமிடமோ 5 நிமிடமோ நீளும் ஒளிப்பதிவுகளை இரவு முழுவதும் அடுத்தடுத்து எடுத்து, பின்னர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கின்றனர். அவர்கள் காமிராவில் மின்கலம் இரண்டு அல்லது மூன்று முறை இறங்கிவிடக்கூடும். ஒவ்வொரு முறையும் அதனை மாற்றுவதற்காகக் காமிராவைத் தொடும்போது, வெகு நுட்பமாகத் திருத்தி வைத்த நோக்குதிசையும் குவியமும் நழுவிவிடுகின்றன. குளிரில் விறைத்த விரல்களால் இருட்டில் செய்யும் வேலை இது என்பதையும் மறத்தலாகாது.

நம் நாட்டில் இத்தகைய பணிக்கு மிகவும் உகந்த இடம் லடாக்கிலுள்ள ஹான்லே என்பதில் ஐயமில்லை. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வான்-இயற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் விட்டமுடைய இமாலயச் சந்திரா தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டுள்ளது. அதனைச் சூழ்ந்த பகுதி 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2023 முதல் ஆர்வமுள்ள அன்பர்கள் தத்தம் கருவிகளுடன் அங்கே கூடி வானத்தைப் படமெடுத்தும் வருகின்றனர். வறண்ட காற்று, இருண்ட வானம், நீண்ட இரவு ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே கிட்டுகின்றன. டிசம்பர் மாதத்தில் அந்திவெளிச்சம் முற்றிலும் அகன்ற முழு இருள் மட்டுமே சுமார் 11 மணி நேரம் நீடிக்கும். ஆனால் அதே மாதத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு 20 டிகிரி கீழேயும் இறங்கிவிடும். பல காமிராக்களின் கையேடுகளில் 0 முதல் 40 டிகிரி வரையே இயங்கும் எல்லையாகக் குறிக்கப்பட்டிருக்கக் காணலாம்! காமிரா இதனைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், இடர்ப்படுவது மின்கலமே.

குளிரில் மின்கலத்திற்கு நேர்வது என்ன?

காமிராக்களில் பயன்படுவது லித்தியம்-அயனி மின்கலம். அதன் உள்ளே லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரவக் கரைசலின் வழியே செல்வதாலேயே வெளிச்சுற்றில் மின்னோட்டம் உண்டாகின்றது. குளிரில் அக்கரைசல் தடித்துவிடுவதால் அயனிகளின் ஓட்டம் தளர்ந்து, மின்கலத்தின் உள்தடை மிகுகின்றது. காமிரா சற்று அதிகமான மின்னோட்டத்தைக் கேட்கும் தருணத்தில், உதாரணமாக மூடி இயங்கும்போதோ படத்தை நினைவட்டையில் எழுதும்போதோ, முனைகளுக்கிடையேயுள்ள மின்னழுத்தம் சரேலென்று தாழ்கின்றது. அதனைக் கண்ட காமிரா, மின்கலம் தீர்ந்துவிட்டதாகக் கொண்டு தன்னை நிறுத்திக்கொள்கின்றது. உண்மையில் சக்தி தீர்ந்துவிடவில்லை, உள்ளே சிறைப்பட்டிருக்கின்றது. அம்மின்கலத்தை எடுத்து உட்சட்டைப் பையில் அரைமணி நேரம் வைத்திருந்தால், அது மீண்டும் உயிர் பெறுவது இக்காரணம் பற்றியே. காலியானது என்று மூட்டைக்குள் எறிந்த மின்கலத்தை மறுநாள் அறையில் பொருத்திப் பார்த்து, பாதிக்கு மேல் மிச்சமிருப்பதைக் கண்டு வியந்தோர் பலர்.

குளிர்ந்த மின்கலத்திலிருந்து மின்சாரத்தை எடுப்பதால் பெரும் தீங்கில்லை. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றம் செய்வது பெருந்தவறாகும். அந்நிலையில் லித்தியம், கார்பன் முனையின் உள்ளே புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடுகின்றது. இதனால் மின்கலத்தின் கொள்ளளவு நிலையாகக் குறைவதோடு, உள்ளே குறுக்குச்சுற்று ஏற்படும் அபாயமும் உண்டு.

எண்களைப் படிக்கும் முறை

மின்சக்தித் தேவையைக் கணக்கிடுவோர் செய்யும் முதற் பிழை, மில்லி ஆம்பியர்-மணி என்ற எண்ணை மட்டும் நோக்குவதாகும். பரவலாகப் பயன்படும் காமிரா மின்கலம் ஒன்றின்மீது 7.2 வோல்ட், 1,865 மில்லி ஆம்பியர்-மணி என்று பொறிக்கப்பட்டுள்ளது. கடையில் விற்கும் பவர் பேங்க் ஒன்றில் 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று காண்கின்றது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, பின்னது முன்னதைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்டது என்று எண்ணுவது இயல்பே. ஆனால் பவர் பேங்கின் எண் அதன் உள்ளேயுள்ள 3.7 வோல்ட் கலங்களுக்கு உரியது. மின்னழுத்தத்தால் பெருக்கினால் முன்னது 13.4 வாட்-மணி, பின்னது 74 வாட்-மணி. அழுத்தத்தை உயர்த்தும் சுற்றில் 100-க்கு 15 பங்கு இழப்பு என்று கொண்டால், கைக்கு வருவது 63 வாட்-மணியே. அதாவது ஐந்து மின்கலங்களுக்கும் சற்றுக் குறைவு. ஆதலின் வாட்-மணி ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும்.

இனி ஹான்லேயில் ஓர் இரவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தொடர்ந்து படமெடுக்கும் காமிரா 3 வாட் கொள்வதாக வைத்துக்கொண்டால், 11 மணி நேரத்திற்கு 33 வாட்-மணி வேண்டும். லென்ஸின் முகப்பில் உறைபனி படியாமலிருக்கச் சுற்றப்படும் வெப்பப் பட்டை 5 வாட் எனில் 55 வாட்-மணி. வானத்தைப் பின்தொடரும் சிறிய சுழல்தாங்கி 1 வாட் எனில் 11 வாட்-மணி. ஆக மொத்தம் 99. மாற்றுச்சுற்றின் இழப்பைக் கருதி 0.85-ஆல் வகுத்தால் 116 ஆகின்றது. நன்கு காப்பிடப்பட்ட பெட்டியில் வைத்த மின்கலமும் குளிரில் 100-க்கு 70 பங்கே தரும் என்று முன்னெச்சரிக்கையாகக் கொண்டால், தேவை 166 வாட்-மணியாக உயர்கின்றது. காமிராவைவிட வெப்பப் பட்டையே அதிகம் உண்கின்றது என்பது இங்கு நோக்கத்தக்கது. ஹான்லேயின் வறண்ட காற்றில் பல இரவுகளில் அதனை நிறுத்தி வைக்கலாம். சமவெளியில், மழைக்காலத்தை அடுத்த மாதங்களில், அது இல்லாவிடில் இரண்டு மணி நேரத்திற்குள் லென்ஸ் பனிநீரில் மூழ்கிவிடும்.

பெரிய சுழல்தாங்கியும் கணிப்பொறியும் உடன் கொண்டுசெல்வோருக்கு இக்கணக்கு இரண்டு அல்லது மூன்று மடங்காகும்.

எதிலிருந்து பெறுவது?

காமிராவின் மின்கல அறையில், மின்கலத்தின் உருவமே கொண்ட போலி மின்கலம் ஒன்றைப் பொருத்தலாம். அதன் உள்ளே கலங்கள் இரா. வெளியிலிருந்து வரும் கம்பியின் முனைகள் மட்டுமே இருக்கும். சில காமிராக்களுக்கு அதன் வழியே சுமார் 8 வோல்ட், வேறு சிலவற்றுக்கு 9 வோல்ட் செலுத்தவேண்டும். 12 வோல்ட்டை நேராகச் செலுத்தினால் காமிரா பழுதாகிவிடும். இடையே அழுத்தத்தைக் குறைத்து நிலைப்படுத்தும் மாற்றுச்சுற்று இன்றியமையாதது. முனைகள் மாறினாலும் அதே கேடு விளையுமாதலின், முதன்முறை இணைக்குமுன் வோல்ட்மானியால் அளந்து பார்ப்பது கட்டாயம். அண்மைக் காலக் காமிராக்களிற் பல, யு.எஸ்.பி. துளை வழியாகவே மின்சாரம் பெற்று இயங்குகின்றன. எனினும் சிலவற்றில் அத்துளை, காமிராவை நிறுத்தியிருக்கும்போது மின்கலத்திற்கு ஏற்றம் தருவதற்கு மட்டுமே பயன்படும். இதனை வீட்டிலேயே சோதித்து அறிதல் வேண்டும். பவர் பேங்குகளிலும் ஒரு குணம் உண்டு: எடுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிதாயின், வேலை முடிந்தது என்று கருதித் தாமாகவே நின்றுவிடும். நடு இரவில் சுழல்தாங்கி நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

லே நகருக்கு விமானத்தில் செல்வோர் மற்றொன்றையும் கருதவேண்டும். உபரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லலாம். ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். 100 முதல் 160 வாட்-மணி வரையுள்ளவற்றிற்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. அதற்கு மேற்பட்டவை பயணிகளுக்கு இல்லை. 27,000 மில்லி ஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்ட பவர் பேங்க் 99.9 வாட்-மணி உடையது. அத்தகையவை இரண்டு இருப்பின், ஒன்றில் காமிராவையும் சுழல்தாங்கியையும், மற்றொன்றில் வெப்பப் பட்டையையும் இணைத்து மேற்கண்ட இரவைக் கடந்துவிடலாம். சாலை வழியே வருவோர் 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கல அடுக்கைக் கொணரலாம். அது 256 வாட்-மணி தரும், எடையும் குறைவு. ஈய-அமிலச் சேமக்கலம் விலை மலிவே. ஆயினும் அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குன்றும். அன்றியும், மின்சாரம் இறங்க இறங்க அதிலுள்ள அமிலம் நீர்த்துப்போவதால், முற்றிலும் இறங்கிய சேமக்கலம் உறைநிலைக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து வெடிப்புறும்.

இந்நிலையில், வந்த வாகனத்தின் சேமக்கலத்திலிருந்தே கம்பி இழுத்துக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் காணப்படுகின்றது. இது வன்மையாகத் தவிர்க்கத்தக்கது. எஞ்சினைக் கிளப்பும் சேமக்கலம் சிறிது நேரத்திற்குப் பெரும் மின்னோட்டம் தருவதற்காக அமைந்தது. இரவெல்லாம் சிறிது சிறிதாக வடிப்பதற்கன்று. விடியலில், குளிர் உச்சத்தில் இருக்கும் வேளையில், எண்ணெய் தடித்துக் கிடக்கும் எஞ்சினைச் சுழற்ற அதற்கு முழு வலிமையும் வேண்டும். லேயிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால், மூச்சு வாங்கும் உயரத்தில் வாகனம் கிளம்பாமல் நிற்பது, படம் கெடுவதைவிடப் பன்மடங்கு கொடிய இடராகும். எஞ்சினை ஓடவிட்டு மின்னேற்றலாமே எனில், அதன் அதிர்வும் விளக்குகளும் அருகிலுள்ளோர் படங்களையும் கெடுக்கும். மூடிய வாகனத்தினுள் உறங்குவோருக்குப் புகையில் கலந்த கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்தாகலாம்.

கம்பியும் காப்பும்

கம்பியின் தடையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 0.5 சதுர மில்லிமீட்டர் வெட்டுப்பரப்புள்ள செப்புக் கம்பியை 3 மீட்டர் நீட்டினால், போகவும் வரவுமாக 6 மீட்டர். தடை சுமார் 0.2 ஓம். 2 ஆம்பியர் ஓடும் கணத்தில் 0.4 வோல்ட் கம்பியிலேயே மறைந்துவிடும். 8 வோல்ட்டில் இயங்கும் காமிராவுக்கு இது சிறிய இழப்பன்று. நீண்ட கம்பியை 12 வோல்ட் பக்கத்தில் வைத்து, மாற்றுச்சுற்றைக் காமிராவுக்கு அருகில் தாங்கியின் காலிலே கட்டிவிட்டால் குறை நீங்கும். சாதாரணப் பிளாஸ்டிக் உறை குளிரில் குச்சிபோல் விறைத்து வெடிக்கும். சிலிக்கோன் உறையிட்ட கம்பி மென்மையாகவே இருக்கும். மின்கலத்திற்கு அருகில் ஒரு பியூஸ் இருத்தலும் நன்று.

மின்கல அடுக்கைத் தரையில் வைத்தலாகாது. தெர்மோகோல் பெட்டியில், துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒன்றுடன் வைத்து மூடினால், மின்கலம் தானே வெளியிடும் சிறு வெப்பமும் சேர்ந்து இரவைத் தாங்கும். காமிராவின் பின்புறத் திரையை அணைத்தல், எடுத்த படத்தை உடனே காட்டும் ஏற்பாட்டை நிறுத்தல், கம்பியில்லாத் தொடர்பைத் துண்டித்தல் ஆகியவை செலவின்றியே சக்தியை மிச்சப்படுத்தும் வழிகள். நீண்ட ஒளிப்பதிவில் இரைச்சலைக் குறைக்கும் வசதியையும் நிறுத்திவிடவேண்டும். அது ஒவ்வொரு படத்திற்குப் பின்னும் மூடியை மூடியபடியே அதே அளவு நேரம் மற்றொரு பதிவை எடுப்பதால், இரவின் பாதியையும் மின்சாரத்தின் பாதியையும் விழுங்கிவிடுகின்றது. அத்தகைய இருட்பதிவுகள் சிலவற்றை இறுதியில், லென்ஸை மூடிவைத்து, மொத்தமாக எடுத்துக்கொண்டால் போதும். குளிர் மாறாத வேளையிலேயே அவற்றை எடுத்தல் வேண்டும்.

பொழுது புலர்ந்ததும் காமிராவையும் மின்கலங்களையும் அப்படியே கதகதப்பான அறைக்குள் கொண்டுசென்றால், அவற்றின்மீது நீர்த்துளிகள் படியும். வெளியிலேயே காற்றுப் புகாத பைகளில் இட்டுக் கட்டி, பின்னரே உள்ளே எடுத்துச் செல்லவேண்டும். பைக்குள்ளிருக்கும் மின்கலம் அறையின் வெப்பத்தை அடைவதற்குச் சில மணி நேரமாகும். தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சி முற்றிலும் நீங்கிய பின்னரே அடுத்த இரவுக்கான மின்னேற்றத்தைத் தொடங்குதல் வேண்டும்.