அம்பாள் அணியும் சிவப்புக்கல்

வசந்த மண்டபப் பூசையின்போது, தீபாராதனை ஒளியில் அம்பாளின் பதக்கத்திலே கனல் போல் ஒளிர்வது சிவப்புக்கல். கெம்பு என்றும் அதனை அழைப்பர். ஆயினும் சிவப்பாய் உள்ளதெல்லாம் மாணிக்கம் அன்று. சுவாமி நகைகளைத் துலக்க முற்படுவோர் இதனை முதலில் அறிந்துகொள்ளல் அவசியமாகும்.

நவமணிகளுள் மாணிக்கம் சூரியனுக்குரியது. நவரத்தினப் பதக்கத்தில் அதுவே நடுவில் பதிக்கப்படும். சிலப்பதிகாரத்திலே கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. வழக்கின் உண்மை வெளிப்பட்டது இந்த வேறுபாட்டினாலேயே. கண்ணகை அம்மனுக்குப் பொங்கலிட்டு வழிபடும் ஊரவர்க்கு இக்கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தம் எனப்படும் ஒரே கனிப்பொருளின் இரு நிறங்களே. ஆங்கிலேயர் இக்கனிப்பொருளுக்கு வழங்கும் பெயரும் இத்தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது. அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த குருந்தம் தூயதாயின் நிறமற்றது. சிறிதளவு குரோமியம் கலப்பின் சிவக்கும். இரும்பும் டைட்டேனியமும் கலப்பின் நீலமாகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இது கிடைப்பதில்லை. இலங்கையில் இரத்தினபுரிப் பகுதியின் சரளைப் படிவுகளே இதற்குப் பெயர்பெற்றவை. அதே சரளையில் கிடைக்கும் 'ஸ்பினல்' என்ற சிவப்புக்கல் மன்னர்களையே மயக்கியிருக்கிறது. பிரித்தானிய முடியிலுள்ள புகழ்பெற்ற 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினலே! 1902இல் பிரான்சைச் சேர்ந்த வேர்னொயில் என்பவர் தீச்சுவாலையில் மாணிக்கம் ஆக்கும் முறையை வெளியிட்ட பின்னர், செயற்கைக் கல்லும் மலிந்தது. கண்ணாடிக் கல்லும் உண்டு. எக்கல்லாயினும் அடியவரின் காணிக்கை காணிக்கையே. பராமரிப்பு மாத்திரம் வேறுபடும்.

கடினத்தில் வைரம் 10 எனின் மாணிக்கம் 9. வீதி மணலிலுள்ள படிகக்கல் 7. ஆகையால் தூசியோடு துடைத்தாலும் மாணிக்கம் கீறுபடாது. கண்ணாடியும் முத்தும் பவளமும் கீறுபட்டுவிடும். ஆதலால் முதலில் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, அதன் பின்பே பஞ்சுத் துணியால் துடைத்தல் நன்று.

பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி, தேசிக்காய் கொண்டு கல் நகையைத் தேய்ப்பதே பெருந் தவறு. முத்தும் பவளமும் சுண்ணாம்புத் தன்மையானவை. புளிப்பு அவற்றை அரித்துவிடும். 2004 அளவில் சந்தைக்கு வந்த, வெடிப்புகளுள் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கங்களையும் தேசிச்சாறு கெடுக்கும். தட்டாரின் நெருப்பும் அவ்வாறே.

பழைய நகைகளில் கல்லின் பின்புறம் மூடப்பட்டிருக்கும். உள்ளே அரக்கும், ஒளியைத் திருப்பும் மெல்லிய தகடும் உண்டு. அந்நகையைப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவிட்டால் ஈரம் உட்புகுந்து தகடு கறுக்கும், கல்லும் ஒளி மங்கும். பின்னர் 'கல் செத்துப்போயிற்று' என்று கழற்றி வேறு கல் பதிப்பார்கள். கெட்டது கல்லன்று, தகடே! முன்னோர் கொடுத்த நல்ல கல் இவ்வாறு கைநழுவிப் போவதற்கு இடமுண்டு. இத்தகைய நகையை ஈரமற்ற துணியால் துடைப்பதே போதுமானது. அபிஷேகத்துக்கு முன் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். வைர நகையோடு சேர்த்து வைப்பின் மாணிக்கமும் கீறுபடும்.

திருத்த வேலைக்குக் கொடுக்குமுன் கற்களை எண்ணி, நிறை பார்த்து, இரு பக்கமும் படமெடுத்து, பரிபாலன சபையின் பதிவேட்டில் இருவர் ஒப்பமிடல் வேண்டும். கழற்றப்படும் பழைய கற்களையும் எண்ணிக் கேட்டு வாங்குதல் வேண்டும்.