அற்புதத்துக்குப் பிறகு அடுப்படி வேலை

வேதபாடம்: மாற்கு 5:35-43



யவீருவின் மகள் உயிரோடு எழுந்த சம்பவத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அவள் எழுந்து நடந்ததும் "அல்லேலூயா" சொல்லிப் பிரசங்கத்தை முடிப்பது நம்முடைய வழக்கம். நானும் வருஷக்கணக்காய் அப்படித்தான் முடித்தேன். மாற்கு அங்கே முடிக்கவில்லை. இரண்டு சிறு காரியங்களைச் சேர்த்து எழுதுகிறார். ஒன்று, இயேசு உள்ளே போகுமுன் வீட்டில் கூடியிருந்த ஜனங்களை வெளியே அனுப்பினார். மற்றொன்று, பிள்ளை எழுந்தபின் அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். இவை ஏன் எழுதப்பட்டன என்று பைபிள் காலேஜில் எனக்கு விளங்கவில்லை. சிறுநீரக மாற்று ஆபரேஷன் முடிந்து என் மனைவியை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகே விளங்கிற்று.

மூன்று வருஷம் டயாலிசிஸ். அந்த நாட்களில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்குமேல் அவள் குடிக்கக்கூடாது. சித்திரை வெயிலிலும் டம்ளரால் அளந்து குடிப்பாள். பிறகு ஒரு ராத்திரி சென்னையிலிருந்து போன் வந்தது. மூளைச்சாவு அடைந்த ஒருவருடைய குடும்பத்தார் கொடுத்த சிறுநீரகம் அவளுக்குக் கிடைத்தது. டிஸ்சார்ஜ் ஆகி, செங்கல்பட்டு வழியாய்த் திருக்கழுக்குன்றம் தாண்டி வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவள் முதலாவது கேட்டது தண்ணீர். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு செம்பு நிறைய குடித்தாள். இனி தினமும் இரண்டரை லிட்டராவது குடிக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சுவரோரம் திரும்பி நின்று அழுதேன்.

வாசலில் சபையார் நாற்பது பேருக்குமேல் நின்றார்கள். அங்கேதான் பாடம் ஆரம்பித்தது.

1. கூட்டத்தை வெளியே அனுப்புதல்

புதிய சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருளாகவே பார்க்கும். அதை எதிர்த்துப் போராடும். அந்த எதிர்ப்பை அடக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரைகள் கொடுக்கிறார்கள். எதிர்ப்பு அடங்கும்போது, கிருமிகளோடு போராடும் பலமும் சேர்ந்தே குறைகிறது. முதல் மூன்று மாதம் மிகவும் ஜாக்கிரதையான காலம். நமக்குச் சாதாரணமான சளியும் இருமலும் அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

இயேசு அந்த அறையில் தகப்பனையும் தாயையும் மூன்று சீஷரையும் மாத்திரம் வைத்துக்கொண்டார். மற்றவர்களை வெளியே அனுப்பினார். நான் அன்று வெட்கப்பட்டு ஒருவரையும் அனுப்பவில்லை. கடைசியில் மீன் விற்கிற ஒரு அக்காதான், "ஐயா, நாங்க வாசல்லயே ஜெபம் பண்ணிட்டுப் போறோம், அம்மா படுக்கட்டும்" என்று எல்லாரையும் கிளப்பினார்கள். அந்த அக்காவுக்கு வேதம் தெரிந்திருந்தது.

2. சாப்பிடக் கொடுத்தல்

அற்புதம் செய்தவரே சாப்பாட்டையும் நினைத்தார். வீடு திரும்பியவர்களுக்குச் சூடாய்ச் சமைத்த ஆகாரம் வேண்டும். பச்சைக் காய்கறி, கடைச் சட்னி, பாதி வெந்த முட்டை, கறி, மீன் ஆகாது. பம்ப்ளிமாஸ் பழம் மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அதுவும் வேண்டாம். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும், ஊரார் சொல்லும் கஷாயமும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். கிணற்றில் தண்ணீர் இறைப்பதும் குடம் தூக்குவதும் டாக்டர் அனுமதிக்கும்வரை கூடாது. எடை, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு இவைகளைத் தினமும் ஒரு நோட்டில் எழுதவேண்டும். காய்ச்சல் வந்தாலும், கால் வீங்கினாலும், சிறுநீர் குறைந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சொல்லவேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது இல்லை.

3. மாத்திரையும் விசுவாசமும்

இதை எழுத எனக்குக் கூச்சமாய் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

நான்காம் மாதம் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம். ஒரு சகோதரர் எல்லார் முன்பாகவும், "கர்த்தர் சுகம் கொடுத்தபிறகும் பாஸ்டரம்மாவுக்கு மாத்திரை எதுக்கு?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பதில் சொல்லவேண்டியவன் நான். விசுவாசத்தில் குறைவுள்ளவன் என்று நினைப்பார்களோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. என் மௌனத்தை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். மூன்று நாள், ஆறு வேளை மாத்திரையை எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டாள்.

உடம்பில் ஒரு அடையாளமும் தெரியவில்லை. அடுத்த வாரம் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் 1.1 ஆக இருந்த கிரியேட்டினின் 2.6 என்று வந்தது. உடம்பு சிறுநீரகத்தைத் தள்ள ஆரம்பித்திருந்தது. பயாப்ஸி எடுத்தார்கள். மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். கர்த்தருடைய கிருபை, சிறுநீரகம் தப்பிற்று. ஆனால் கிரியேட்டினின் 1.5க்குக் கீழே திரும்ப இறங்கவில்லை. அந்த வித்தியாசம் என் மௌனத்தின் விலை.

எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டிக்கொடுக்கப்பட்டபோது அத்திப்பழப் பற்றும் போடப்பட்டது (ஏசாயா 38). பவுலோடு ஊழியத்தில் நின்ற லூக்கா வைத்தியன் (கொலோசெயர் 4). ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று சத்துருக்கள் அல்ல. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தவறாமல் மாத்திரை எடுப்பதும் நமக்குக் கிடைத்ததைக் காக்கிற உக்கிராணத்துவமே. இதைப் பிரசங்க பீடத்திலிருந்தும் சொல்லிவிட்டேன். அந்தச் சகோதரர்தான் இப்போது மாதாமாதம் எங்களைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறார்.

4. கொடுத்தவர்களை மறவாமை

இந்த தானத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்களே. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலி இவர்களுடைய மகன் ஹிதேந்திரன், 15 வயது, மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். போலீசார் பாதையை ஒதுக்கித்தர, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிஷத்தில் அவன் இருதயம் போய், ஒன்பது வயதுச் சிறுமிக்குள் துடித்தது. இறந்தோர் உறுப்புதானம் தமிழ்நாடெங்கும் வீட்டுப் பேச்சானது அதற்குப் பிறகுதான். 2014ல் அரசு இதற்கென்று தனி ஆணையம் அமைத்தது. 2023 முதல் உறுப்பு கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு அடக்கம் நடக்கிறது.

எங்களுக்குக் கொடுத்த குடும்பத்தின் பெயர் எங்களுக்குச் சொல்லப்படவில்லை, அதுதான் முறை. நாங்கள் சந்தோஷமாய் வீடு திரும்பிய அதே வாரத்தில் அந்த வீட்டில் ஒரு பாய் காலியாய்க் கிடந்தது. காலை மாத்திரை எடுக்குமுன் என் மனைவி பெயர் தெரியாத அந்த வீட்டுக்காக ஜெபிக்கிறாள்.

சிந்திக்க:

அ) வியாதியஸ்தரைப் பார்க்கப்போகும்போது நான் அவர்களுக்கு ஆறுதலா, பாரமா?

ஆ) பேசவேண்டிய இடத்தில் எனக்குப் பெயர் கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்ததுண்டா?

இ) என் மரணத்துக்குப் பின் என் உறுப்புகளைப்பற்றி என் விருப்பம் என்ன என்று வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறேனா?

கர்த்தர் நம் வீடுகளைக் காப்பாராக. ஆமென்.