குளிசை நேரமும் உடலின் நெளிவும்: பார்க்கின்சன் நோயாளரின் வீட்டாருக்கு

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா குளிசை எடுத்துச் சில வருடங்கள் ஆன பலருக்கு உடல் தானாகவே நெளியத் தொடங்கும். தலை ஆடும், தோள் சுழலும், கதிரையில் இருக்கும்போதே கால் தன்பாட்டில் அசையும். இதைக் கண்டதும் சில வீடுகளில் "வருத்தம் கூடிட்டுது" என்று ஒரு குளிசையைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். வேறு சில வீடுகளில் "மருந்துதான் இதைச் செய்யுது" என்று அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். முதலாவது பெரும்பாலும் நெளிவைக் கூட்டும். இரண்டாவது ஆளைக் கட்டிலில் விழுத்தும். நெளிவு எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்து எழுதி, அந்தக் கொப்பியோடு வைத்தியரிடம் போவதுதான் சரியான வழி. அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

தொடங்குமுன் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நோயின் ஆரம்பத்தில் மூளையில் மிஞ்சியிருக்கும் கலங்கள் குளிசையிலிருந்து கிடைப்பதைச் சேமித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். வருடங்கள் போகப் போக அந்தக் கலங்கள் குறைந்து, சேமிக்க இடமில்லாமல் போகிறது. லெவோடோபாவோ இரத்தத்தில் சுமார் ஒன்றரை மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு குளிசையின் ஏற்றமும் இறக்கமும் அப்படியே உடலில் தெரிகிறது. 4 முதல் 6 வருடம் மருந்து எடுத்தவர்களில் 100க்கு 40 பேர் வரை இந்த நெளிவைக் காண்கிறார்கள்.

அப்படியென்றால் குளிசையைத் தள்ளிப்போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆபிரிக்காவின் கானா நாட்டில் மருந்து கிடைக்காமல் மிகப் பிந்தித் தொடங்கிய நோயாளர்களை இத்தாலிய நோயாளர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. பிந்தித் தொடங்கியவர்களுக்கு நெளிவு பிந்தி வரவில்லை. மருந்து தொடங்கிக் கொஞ்சக் காலத்திலேயே வந்துவிட்டது. நோய் எத்தனை வருடப் பழையது என்பதும், ஒருநாளைக்கு எடுக்கும் அளவும்தான் முக்கியமாக இருந்தன. நல்ல வருடங்களை மருந்தில்லாமல் கழிப்பதால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

முதலில், நடுக்கத்தையும் நெளிவையும் பிரித்துப் பாருங்கள். நடுக்கம் ஒரே தாளத்தில், கை சும்மா மடியில் கிடக்கும்போது வரும். நெளிவுக்குத் தாளமில்லை, உடம்பின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு ஓடும். கதைத்தால், பதற்றப்பட்டால் கூடும். நோயாளர் பல வேளைகளில் அதை உணர்வதேயில்லை. கூட இருப்பவர்தான் தவிப்பார். ஆகவே "உங்களுக்கு இது கரைச்சலா?" என்று அவரிடமே கேளுங்கள். சாப்பிடவும் நடக்கவும் இடைஞ்சல் இல்லாத மெல்லிய நெளிவை, இறுகிப் போய்க் கிடப்பதைவிட நல்லது என்று அவரே சொல்லக்கூடும். மருந்தைக் குறைக்கச் சொல்லி வைத்தியரை நெருக்குமுன் அந்தப் பதிலை மதியுங்கள்.

அடுத்தது கொப்பி. கிளினிக் திகதிக்கு முந்திய மூன்று நாட்கள் போதும். இடப்பக்கத்தில் காலை எழும்பியதிலிருந்து அரை மணிக்கு ஒரு வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஐந்தில் ஒன்றை எழுதுங்கள்: நித்திரை; இறுகிக் கிடக்கிறார்; நெளிவில்லாமல் நன்றாக இயங்குகிறார்; இயங்குகிறார், நெளிவு உண்டு, ஆனால் தொந்தரவில்லை; இயங்குகிறார், நெளிவு தொந்தரவாக இருக்கிறது. குளிசை விழுங்கிய நேரத்தைச் சிவப்பு மையிலும் சாப்பிட்ட நேரத்தை நீல மையிலும் குறியுங்கள். நரம்பியல் ஆய்வுகளில் பயன்படும் நாட்குறிப்பும் ஏறக்குறைய இதேதான். நெளிவு வரும்போது கைத்தொலைபேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்து, எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். வைத்தியரின் அறைக்குள் போகும் நேரத்தில் உடல் அமைதியாக இருந்துவிடும். வீடியோ இல்லாவிட்டால் அவர் பார்ப்பதற்கு ஒன்றுமிருக்காது.

கொழும்பில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. தேசிய வைத்தியசாலையிலோ களுபோவிலவிலோ தமிழ் கதைக்காத வைத்தியர் முன் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு அம்மா சில நிமிடம்தான் இருக்கப் போகிறார். நேரம் எழுதிய அட்டவணைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஐந்து நிலைகளுக்கும் 1 முதல் 5 வரை இலக்கமிட்டு, விளக்கத்தை மேலே ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ யாரையாவது கொண்டு எழுதுவித்து வையுங்கள்.

மூன்று நாள் முடிந்ததும் சிவப்பு மைக்கும் நெளிவுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். குளிசை எடுத்து ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில், ஆள் நன்றாக இயங்கும் வேளையிலேயே நெளிவு வந்தால் அது மருந்தின் உச்சத்தில் வருவது. மருந்து ஏறும்போது ஒரு தரமும் இறங்கும்போது ஒரு தரமும், முக்கியமாகக் கால்களில் வந்தால் அது வேறு வகை. அங்கே அளவைக் குறைத்தால் நிலைமை மோசமாகலாம். விடியப்புறம், முதற் குளிசைக்கு முன்பே கால்விரல்கள் மடங்கி வலித்தால் அது மருந்து போதாமல் வரும் இறுக்கம். மூன்றுக்கும் மருத்துவம் வெவ்வேறு. வீட்டில் அளவை மாற்றக்கூடாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

உச்ச நேர நெளிவுக்கு வைத்தியர் ஒரு வேளையின் அளவைக் குறைத்துத் தடவைகளைக் கூட்டலாம், அமன்டடின் சேர்க்கலாம். அமன்டடின் எடுப்பவருக்குக் கால் வீங்கினாலோ இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்தாலோ உடனே சொல்லுங்கள். குளிசையால் சமாளிக்க முடியாதவர்களில் தகுந்த சிலருக்கு மூளைக்குள் மின்முனை வைக்கும் சத்திரசிகிச்சை உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடங்களில் செய்கிறார்கள்.

சாப்பாட்டை மறந்துவிடாதீர்கள். மீன், பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றின் புரதம் லெவோடோபாவோடு போட்டியிட்டு அது உடலில் சேர்வதைத் தடுக்கும். குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்போ ஒரு மணித்தியாலம் பின்போ, பால் தேத்தண்ணியோடு அல்ல, வெறும் தண்ணீரோடு கொடுங்கள். இரும்புச்சத்துக் குளிசையை அதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். புரதத்தை அடியோடு நிறுத்துவது பிழை. மெலிந்துபோன உடல் விழுந்தால் எலும்பு முறியும். விரத நாட்களிலும் குளிசை விரதமில்லை. கந்தசஷ்டிக்குக் கோயிலுக்குப் போகிறவரின் பையில் தண்ணீர்ப் போத்தலும் அன்றைய குளிசைகளும் இருக்கட்டும்.

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ பிள்ளைகள் மருந்து அனுப்பும் வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. இந்தியப் பெட்டியில் 110 என்றிருந்தால் லெவோடோபா 100 மில்லிகிராமும் கார்பிடோபா 10 மில்லிகிராமும். வெளிநாட்டுப் பெட்டியில் 25/100 என்றிருந்தால் கார்பிடோபா 25. இரண்டும் ஒன்றல்ல. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்ததை வாங்கிய பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பெட்டி மாறினால் இலக்கங்களைப் பாமசியில் சரிபார்த்த பின்னரே கொடுங்கள். நாட்டு மருந்தென்று பூனைக்காலி விதைத் தூள் எடுப்பவர்களும் அதை வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும். அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான். தாமோதரன், ராமஸ்வாமி என்ற ஆய்வாளர்கள் 1937இலேயே அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். தூளையும் குளிசையையும் சேர்த்து எடுத்தால் அளவு கூடி, நெளிவும் கூடும்.

குளிசையைத் திடீரென்று நிறுத்தியபின் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, தடுமாறிய பேச்சு வந்தால் அது உயிராபத்து. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. வேறு நோய்க்குச் சத்திரசிகிச்சை என்றாலும், எத்தனை வேளை வாயால் ஒன்றும் கொடுக்க முடியாது என்று முன்கூட்டியே கேட்டு, பார்க்கின்சன் மருந்துக்கு வழி என்ன என்று வார்ட்டில் கேளுங்கள்.

வாந்திக்கும் தலைச்சுற்றுக்கும் சாதாரணமாக எழுதப்படும் சில மருந்துகள் இந்த நோயாளருக்கு ஆகாது: மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின், சின்னரிசின், புளுனரிசின். மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடோலும் அப்படியே. இந்த ஐந்து பெயர்களையும் ஆங்கில எழுத்தில், பெரிதாக, கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் இன்றைக்கே எழுதுங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும், பாமசியில் எதை வாங்கினாலும் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.